வெந்நீரும் அருவியும்

எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகும் வழக்கத்தை நம்மவர்கள் அடியோடு விட்டுவிட்டதாக நான் நினைக்கவில்லை. புளியங்குடி போன்ற ஓர் ஊரில் சனிக்கிழமை காலையில் ஏதாவதொரு தெரு வழியாக நடந்தால், புறவாசலில் சுள்ளி புகைய, கரி படிந்த அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருப்பதையும், உச்சந்தலையில் வைத்த நல்லெண்ணெய் கண்ணுக்குள் வழிய ஒரு பையன் முகத்தைச் சுளித்துக்கொண்டு துவைகல்லின்மேல் உட்கார்ந்திருப்பதையும், சீயக்காயைக் குழைத்து வைத்துக்கொண்டு அவனுடைய பாட்டி முந்தானையை இழுத்துச் செருகுவதையும் இன்றைக்கும் காணலாம். பிறகு, கை பொறுக்கும் சூட்டுக்கு விளாவிய வெந்நீர், மூச்சுவிட இடமில்லாமல் செம்பு செம்பாக அவன் தலையிலே இறங்கும். "எண்ணெய் போவ வேண்டாமாலே? தலையைக் குனி" என்பாள் பாட்டி.

இந்தச் சாதாரணக் காரியத்தின் நடுவிலே, மிகச் சில குழந்தைகளுக்கு, ஒன்று நேர்ந்துவிடுகிறது. ஐந்தாறு செம்பு ஊற்றியதும் பையனின் பார்வை ஓரிடத்தில் நிலைகுத்தும், கூப்பிட்டால் பதில் வராது, வந்தாலும் சம்பந்தமில்லாத ஒரு சொல்லாக வரும், உதட்டைச் சப்புவான், விரல்கள் தொடைமேல் எதையோ தடவித் தேடும். சிலருக்கு அவ்வளவோடு தெளிந்துவிடும். வேறு சிலருக்கு உடம்பு முழுவதும் வெட்டி இழுத்து, ஈரத் தரையிலே சாய்த்துவிடும். இரண்டொரு நிமிஷத்தில் எல்லாம் அடங்கி, சற்று நேரம் மலங்க மலங்க விழித்துவிட்டு, நடந்தது எதுவும் ஞாபகமில்லாதவனாய்த் துண்டைக் கேட்பான். 'தலையிலே நீர் கோத்துக்கொண்டது' என்பார் ஒருவர், 'பித்தம் ஏறிவிட்டது' என்று எலுமிச்சம்பழத்தை அறுத்து உச்சியிலே தேய்ப்பார் மற்றொருவர் (எலுமிச்சைச் சந்தைக்குப் பேர்போன புளியங்குடியில் அதற்கு என்ன பஞ்சம்!), கிணற்றடியில் எதையோ கண்டு பயந்துவிட்டான் என்று திருநீறு போடக் கூட்டிப்போவார் இன்னொருவர். இத்தனையும் செய்த பிறகு, அடுத்த தலைமுழுக்கிலே மறுபடியும் அதுவே நேரும்.

வைத்திய சாஸ்திரம் இதை வெந்நீர் வலிப்பு என்று அழைக்கிறது. 1945-இல் நியூஸிலாந்தில் ஆலன் என்ற மருத்துவர் ஒரு சிறுவனுக்கு நேர்ந்ததை எழுதிவைத்தபோது, அது வைத்திய நூல்களின் ஒரு மூலையில் கிடக்கவேண்டிய வினோதமாகவே தோன்றியிருக்கும். ஆனால் 1960-களின் பிற்பகுதியில் பெங்களூரில் டாக்டர் கே. எஸ். மணியும் அவருடைய சகாக்களும் தங்களிடம் வந்த வலிப்பு நோயாளிகளை நுணுக்கமாக விசாரித்தபோது, மேல்நாட்டில் அபூர்வமான இந்த விசித்திரம் தென்னிந்தியாவில் வீட்டுக்கு வீடு இல்லாவிட்டாலும் ஊருக்கு ஊர் இருக்கிறது என்பது புலனாயிற்று. அவர்கள் 1968-இல் முதல் குறிப்பை வெளியிட்டார்கள். இருபது வருஷம் கழித்து, 1988-இல், பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் டாக்டர் சதீஷ்சந்திராவும் குழுவினரும் 279 நோயாளிகளின் சரித்திரத்தைத் தொகுத்து எழுதினார்கள். சென்னையிலும் இத்தகைய நோயாளிகள் காணப்பட்டார்கள். இந்தியாவுக்கு வெளியே துருக்கியிலிருந்தும் கணிசமான எண்ணிக்கை வந்தது. பெங்களூரையும் சுற்றுப்புறக் கிராமங்களையும் சேர்த்து நடத்திய ஒரு கணக்கெடுப்பில், லட்சம் பேருக்கு ஏறத்தாழ 60 பேர் இந்த வலிப்புடையவர்கள் என்று கண்டார்கள்.

இங்கே கவனிக்கவேண்டியது, வெந்நீர் மட்டும் இதைச் செய்வதில்லை என்பது. இவர்களில் பெரும்பாலோருக்கு, கழுத்துக்குக் கீழே எவ்வளவு வெந்நீர் ஊற்றிக்கொண்டாலும் ஒன்றும் ஆவதில்லை. 40 முதல் 50 டிகிரி வரையுள்ள சூட்டில், தலையின்மேல், இடைவிடாமல், வேகமாக ஊற்றுவது என்ற இத்தனையும் ஒருங்கே கூடவேண்டும். மேல்நாட்டார் தொட்டியில் அமர்ந்து குளிப்பவர்கள். நாமோ செம்பினால் மொண்டு உச்சியில் வார்த்துக்கொள்பவர்கள். ஒரு வியாதியின் பூகோளத்தை ஒரு செம்பு ஓரளவுக்கு நிர்ணயிக்கிறது என்றால், வழக்கத்துக்கும் மூளைக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றி இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால் செம்பு மட்டும் போதுமானால் நம்மில் எல்லோருக்கும் அல்லவா வலிப்பு வரவேண்டும்? சில குடும்பங்களில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு இது வருவதைக் கொண்டு, பெங்களூர் விஞ்ஞானிகள் பரம்பரையை ஆராய்ந்து, நான்காவது குரோமோசோமிலும் பத்தாவது குரோமோசோமிலும் இதற்குத் தொடர்புடைய பகுதிகள் உண்டு என்று காட்டினார்கள். எலிகளின் தலையில் திரும்பத் திரும்ப வெந்நீரை வார்த்து வலிப்பை உண்டாக்கிப் பார்த்த நிம்ஹான்ஸ் ஆராய்ச்சியாளர்கள், உடல் வெப்பத்தைச் சமன்செய்யும் மூளையின் ஏற்பாட்டில் இருக்கும் ஒரு பலவீனமே, அடிக்கடி சூடேற ஏற, வலிப்பாக முதிர்கிறது என்று கருதினார்கள். பிறப்பிலே வந்த ஒரு சாய்வும் பழக்கத்திலே வந்த ஒரு தூண்டுதலும் சேர்ந்தால்தான் காரியம் நடக்கிறது.

இன்னும் வியப்பான ஒரு செய்தி உண்டு. இந்த நோயாளிகளில் சிலருக்கு, நினைவு மங்கத் தொடங்கும் அந்தக் கணத்திலே இனம்புரியாத ஒரு சுகம் தோன்றுவதாகவும், அதனால் நிறுத்தமாட்டாமல் மேலும் மேலும் வெந்நீரை மொண்டு ஊற்றிக்கொள்வதாகவும் மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். 'அவனே வருவித்துக்கொள்கிறான், எல்லாம் பாசாங்கு' என்று வீட்டார் கோபித்துக்கொள்வது இத்தகையவர்களைத்தான். பாசாங்கு அதில் சிறிதும் இல்லை. சுகம் என்று அவன் உணர்வதே வலிப்பின் முதற்கட்டம்.

பரிகாரம் மிக எளியது. தண்ணீரை வெதுவெதுப்பாக்கிக்கொள்வது, தலைக்கு ஊற்றாமல் துணியால் நனைத்துத் துடைப்பது, அல்லது தலைமுழுகுவதற்கு ஒன்றரை இரண்டு மணி நேரம் முன்பாக, மருத்துவர் குறித்துக் கொடுத்த அளவில், குளோபஸாம் என்ற மாத்திரையை விழுங்குவது. நாள்தோறும் மருந்துண்ண வேண்டிய தேவை இல்லாமலே பலர் இதனால் தப்பிவிடுகிறார்கள். குளியலுக்குச் சம்பந்தமின்றியும் வலிப்பு வரத் தொடங்குகிற சிலருக்குத்தான் நித்திய மருந்து வேண்டியிருக்கிறது. மற்ற வலிப்புகளைப் பற்றிச் சிந்திக்க இதைவிட நல்ல பாடம் கிடைக்காது என்பதனாலேயே இந்த அத்தியாயத்தை அண்டாவிலிருந்து தொடங்கினேன்.

மூளையின் கோடானுகோடி நரம்பணுக்கள் சிறு சிறு மின்துடிப்புகளால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. 1924-இல் ஜெர்மனியின் யெனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்பவர் மனிதனின் தலையின்மேல் மின்முனைகளை வைத்து அந்தத் துடிப்பை முதன்முதலாகப் பதிவு செய்தார். இன்று மருத்துவமனைகளில் 'இ.இ.ஜி.' என்று எழுதிக் கொடுக்கிறார்களே, அந்தப் பரிசோதனை அதன் வழிவந்ததே. ஒரு கூட்டம் அணுக்கள் கட்டுக்கடங்காமல் ஒரே தாளத்தில் துடிக்கத் தொடங்கி, அந்தத் துடிப்பு பக்கத்தாருக்கும் பரவுவதுதான் வலிப்பு. அது மூளையின் எந்தப் பகுதியில் தொடங்குகிறதோ அதற்கேற்ப, கை மட்டும் துடிக்கலாம், இல்லாத வாசனை வீசலாம், வெறித்த பார்வை மட்டும் இருக்கலாம், உடல் முழுவதும் வெட்டி இழுக்கலாம். இந்தப் பரவலைத் தடுக்கும் சக்தி ஒவ்வொரு மூளையிலும் உண்டு. மேற்கு மலையடிவாரத்துக் குளங்களை அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது: கரை தாழ்ந்த குளம் சாதாரண மழைக்கே உடைப்பெடுக்கும், கரை உயர்ந்த குளம் ஐப்பசி வெள்ளத்தையும் தாங்கும். பிறவி, தலையில் பட்ட பழைய அடி, மூளைக்காய்ச்சலின் வடு, நாடாப்புழுவின் முட்டை வயிற்றிலே போய் மூளையில் கட்டியாகத் தங்குவது ஆகியவை கரையைத் தாழ்த்துகின்ற காரணங்கள். அன்றைக்குப் பெய்த மழைதான் தூண்டுதல். காரணத்தை மாற்றுவது பல சமயம் நம் கையில் இல்லை. தூண்டுதலை அறிந்துகொள்வது பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது.

தூண்டுதல்களில் தலையாயது எது என்று கேட்டால், மாத்திரையை விட்டுவிடுவது என்று எந்த நரம்பியல் மருத்துவரும் யோசிக்காமல் சொல்வார். இரண்டு வருஷம் வலிப்பே வரவில்லை, இனி எதற்கு என்று தாமாக நிறுத்துவோர் ஒரு வகை. வெளியூர்க் கல்யாணத்துக்குப் போகும் அவசரத்தில் மறந்துவிடுவோர் மற்றொரு வகை. பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் மாத்திரை அட்டை பட்டுவிடக் கூடாதே என்று ஒளித்துவைத்து, ஒளித்த இடத்திலேயே விட்டுவிடுவோர் மூன்றாவது வகை. மூன்றாவது வகையாரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. திருமணச் சட்டத்தில் வலிப்பு நோய் ஒரு குறையாகவே எழுதப்பட்டிருந்தது. 1999-இல் கொண்டுவந்த திருத்தம்தான் அந்தச் சொல்லை நீக்கிற்று. சட்டத்திலிருந்து நீங்கியது சம்பந்தம் பேசும் திண்ணையிலிருந்தும் நீங்கிவிட்டதா என்றால், ஊரில் வாழ்கிறவர்களுக்கு விடை தெரியும். எப்படியாயினும், இந்த மருந்துகளைத் திடீரென்று நிறுத்துவது, வலிப்பு ஒன்றன்மேல் ஒன்றாக ஓயாமல் வந்து உயிருக்கே ஆபத்தாகும் நிலையில் கொண்டுபோய் விடக்கூடும்.

அடுத்தது தூக்கமின்மை. இந்தத் தூண்டுதலின் வலிமையை மருத்துவர்களே ஒரு கருவியாகப் பயன்படுத்துகிறார்கள்: மறைந்திருக்கும் மின்கோளாறு இ.இ.ஜி.யில் வெளிப்படட்டும் என்று, பரிசோதனைக்கு முந்தின இரவு நோயாளியைக் கண்விழிக்கச் சொல்வதுண்டு. தென்காசிச் சீமையில் அதற்குப் பரிசோதனைச் சாலை தேவையில்லை. அம்மன் கோயில் கொடை போதும். வில்லுப்பாட்டும் நையாண்டி மேளமும் சாமியாட்டமும் விடியவிடிய நடக்க, சாப்பாட்டு நேரம் தப்பி, ராத்திரி மாத்திரை வீட்டிலேயே கிடக்க, பந்தலெங்கும் சீரியல் விளக்குகள் விட்டுவிட்டு மினுக்க, மறுநாள் காலையில் ஒருவருக்கு வலிப்பு வந்தால் 'அம்மன் குத்தம்' என்று முடிவுகட்டுவார்கள். ஓர் இரவிலே எத்தனை தூண்டுதல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின என்று எண்ணிப் பார்ப்பவர் அபூர்வம். கொடைக்குப் போகாதே என்று நான் சொல்லமாட்டேன். மாத்திரையை மடியில் முடிந்துகொண்டு போ, நடுச்சாமத்தில் திரும்பி வந்து படுத்துக்கொள் என்பேன். ஆனால் அன்றைக்கு மது அருந்துவோருக்கு இந்த யோசனையும் போதாது. மிதமிஞ்சிக் குடித்தவருக்கு, குடித்த நேரத்தைவிட, போதை இறங்கிய பிறகு வரும் ஒன்றிரண்டு நாட்களே அதிக ஆபத்தானவை.

விளக்கின் மினுக்கம் எல்லோரையும் தாக்குவதில்லை. வலிப்புடையவர்களில் நூற்றுக்குச் சிலரே ஒளிக்குக் கூசும் மூளை படைத்தவர்கள். ஆயினும் 1997 டிசம்பர் 16-ஆம் தேதி ஜப்பானில் போக்கிமான் என்ற கார்ட்டூன் படத்தில் சிவப்பும் நீலமும் வினாடிக்குப் பன்னிரண்டு முறை வீதம் மாறி மாறி ஒளிர்ந்த ஒரு காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்த குழந்தைகளில் 685 பேர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பலருக்கு அதற்கு முன் வலிப்பு வந்ததே கிடையாது. காய்ச்சல், நெடும்பட்டினி, மாதவிலக்கையொட்டிய நாட்கள் ஆகியவையும் சிலருக்குத் தூண்டுதலாவதுண்டு. சஷ்டி விரதமோ ரமலான் நோன்போ இருக்க விரும்புகிறவர்கள், மாத்திரை வேளைகளை எப்படி மாற்றிக்கொள்வது என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நலம். தாமாக ஒரு வேளையைத் தள்ளிப்போடுவது நலமன்று.

நம் வீட்டு அலமாரியிலே குடியிருக்கும் ஒரு தூண்டுதலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். 1934-இல் புடாபெஸ்ட் நகரத்து மெடூனா என்ற மனநோய் மருத்துவர், வலிப்பு வந்தால் சித்தப்பிரமை தெளியும் என்ற அபிப்பிராயத்தினால், நோயாளிக்கு வேண்டுமென்றே வலிப்பை வருவிக்க விரும்பி அதற்கென ஒரு மருந்தைத் தேடினார். அவர் முதலில் தேர்ந்தெடுத்தது கற்பூரம். நாம் ஆரத்தி காட்டும் பொருள், உள்ளே போனால் வலிப்பை உண்டாக்கும் என்பது அவ்வளவு நிச்சயமாக அறியப்பட்டிருந்தது. சூடத்துண்டைக் கற்கண்டென்று நினைத்து வாயில் போட்டுக்கொண்ட குழந்தைக்குச் சில நிமிஷங்களிலேயே வலிப்பு வரக்கூடும். யூகலிப்டஸ் தைலத்தையும் கற்பூரம் சேர்ந்த தைலங்களையும் முகர்ந்தோ பூசியோ வலிப்புக்கு உள்ளானவர்களைப் பற்றிப் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் மருத்துவர்கள் சமீப வருஷங்களில் எழுதிவருகிறார்கள். குற்றாலத்துக் கடைகளில் வரிசையாக அடுக்கியிருக்கும் தைலப் புட்டிகளைக் கண்டதும் இரண்டு வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளாமல் திரும்புகிறவர்கள் குறைவு. வலிப்புடையவர் உள்ள வீட்டில் ஜலதோஷத்துக்கு ஆவிபிடிக்க வெறும் வெந்நீரே போதும். அதிலே தைலம் விடவேண்டாம்.

இத்தனை தூண்டுதல்களில் நமக்குரியது எது என்று கண்டுபிடிப்பது எப்படி? ஒருவருக்கு உரியது மற்றவருக்கு உரியதாக இருப்பதில்லை. பலருக்குத் தூண்டுதல் என்று எதுவுமே அகப்படுவதில்லை. பள்ளிக்கூடத்துக் கோடுபோட்ட நோட்டு ஒன்று போதும். தேதி, மணி, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், முந்தின இரவு எத்தனை மணி தூங்கினார், மாத்திரை உண்டாரா, கடைசியாக எப்போது சாப்பிட்டார், காய்ச்சல் இருந்ததா, எவ்வளவு நேரம் நீடித்தது, முதலில் துடித்தது வலக்கையா இடக்கையா என்று, பார்த்தவரே அன்றைக்கே எழுதவேண்டும். ஏனென்றால் வலிப்பு வந்தவருக்கு ஞாபகமிராது, பார்த்தவருக்கோ பத்து நாளில் கதையாகிவிடும். இப்படி ஆறு மாதம் எழுதிய நோட்டைத் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் புறநோயாளர் பிரிவுக்கு எடுத்துக்கொண்டு போகிறவர், வரிசையில் நின்ற களைப்புக்கு ஈடாக, மருத்துவரிடம் கிடைக்கும் சில நிமிஷங்களை முழுவதும் பயன்படுத்திக்கொள்கிறார். கைப்பேசியில் எடுத்த ஒரு நிமிஷப் படமும் அதற்குப் பெருந்துணை.

எழுதுகிறவர் ஜாக்கிரதையாக இருக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. வலிப்புக்கு முன் வயிற்றிலிருந்து ஏதோ கிளம்பி நெஞ்சுக்கு ஏறுகிறது, காரணமற்ற பயம் வருகிறது, கருகிய நாற்றம் வீசுகிறது என்று சிலர் சொல்வார்கள். உடனே 'பயந்ததனால் வந்தது', 'வாயுவினால் வந்தது' என்று நோட்டில் ஏறிவிடும். உண்மையில் அந்தப் பயமும் அந்த நாற்றமும் ஏற்கெனவே தொடங்கிவிட்ட வலிப்பின் முதல் அடிகள். தூண்டுதல் அதற்கும் முன்னால் இருக்கிறது. அமாவாசையன்று வந்த வலிப்பை எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்வதும், அஷ்டமியன்றும் ஏகாதசியன்றும் வந்ததை மறந்துவிடுவதும் இதே போன்றதொரு மயக்கம். நோட்டுப் புத்தகம் அமாவாசைக்குச் சலுகை காட்டுவதில்லை.

இனி அருவிக்கு வருவோம். சாரல் காலத்தில் புளியங்குடியிலிருந்து கடையநல்லூர், தென்காசி வழியாகக் குற்றாலத்துக்குப் போகும் பஸ்களில் கூட்டம் நெரியும். அருவியில் தலைகாட்டினால் சித்தம் தெளியும் என்ற பழைய நம்பிக்கையில் மனநோயாளிகளையும் வலிப்பு நோயாளிகளையும் கூட்டிவருவோர் உண்டு. கூத்தப்பெருமானின் திருவடிக்கீழ், வலிப்பு நோயின் வடிவமான முயலகனைக் கண்டு பழகிய மக்கள், அதே ஊரின் சித்திரசபையைத் தொழுதுவிட்டு அருவிக்கு வருவதில் அதிசயமில்லை. கொல்லிமழவன் மகளின் முயலக நோயைத் திருஞானசம்பந்தர் திருப்பாச்சிலாச்சிராமத்தில் தீர்த்தார் என்ற புராணச் செய்தியும், இறையருளால் வலிப்பு தீரும் என்ற நம்பிக்கையின் வழிவந்ததே. அருவி நீர் குளிர்ந்தது; வெந்நீர் வலிப்புள்ளவர்களுக்குக்கூட அதனால் பொதுவாகத் தீங்கு நேர்வதில்லை. ஆனால் அருவி வலிப்பைக் குணப்படுத்துவதும் இல்லை. உண்மையான அபாயம் வேறிடத்தில் இருக்கிறது: பாசி படிந்த பாறையிலே, கால் ஊன்ற இடமில்லாத நெரிசலிலே, இரைச்சலில் குரல் கேளாத நிலையில் வலிப்பு வந்தால், அடுத்தவருக்குக்கூட அது தெரியாமல் போகலாம். கிணறு, குளம், அருவி, எரியும் அடுப்பு ஆகிய இடங்களில் வலிப்புடையவர் தனியாக இருக்கலாகாது. பேரருவியின் நடு வீழ்ச்சியை விட்டுவிட்டு, ஓரத்திலே, கம்பியைப் பிடித்துக்கொண்டு, விஷயம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்கக் குளித்தால் போதும். இன்பத்தில் ஒன்றும் குறைந்துவிடாது.

அங்கே யாருக்காவது வலிப்பு வந்து நீங்கள் அருகில் இருக்க நேர்ந்தால், கூட்டத்திலிருந்து ஒருவர் இரும்புச் சாவியை நீட்டுவார், மற்றொருவர் பல்லுக்கிடையில் கரண்டியைக் கொடு என்பார். இரண்டையும் வாங்காதீர்கள். கையில் திணித்த இரும்பினால் எந்த வலிப்பும் நின்றதில்லை. தானாக அடங்கும் நேரத்தில் சாவிக்குப் புகழ் வந்துவிடுகிறது. நீரிலிருந்து இழுத்து, தலைக்கடியில் துண்டை மடித்து வைத்து, கைகால்களை அழுத்திப் பிடிக்காமல், உடலை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழு நினைவு வரும்வரை வாயில் சொட்டுத் தண்ணீர்கூட விடாமல், கடிகாரத்தைப் பாருங்கள். தண்ணீரைக் குடித்திருந்தாலும், அடிபட்டிருந்தாலும், தெளியாமலே மறு வலிப்பு வந்தாலும், ஐந்து நிமிஷம் தாண்டினாலும், 108-ஐக் கூப்பிடுங்கள்.